சீனச்சட்டியில் வெந்த கல்யாணம்

காய்ந்த மிளகாய் கொதிக்கும் எண்ணெயில் விழுந்து கறுக்கும்போது கிளம்புகிற நெடிக்குக் கண், மூக்கு, தொண்டை என்ற பாகுபாடு கிடையாது. தங்கச் சுரங்கத் தொழிலாளிகளுக்கென்று வரிசையாகக் கட்டிய எங்கள் ஸ்கெலட்டன் லைன் வீடுகளில் அதற்குச் சுவரும் கிடையாது, ஏனென்றால் வீட்டுக்கு வீடு நடுவிலிருந்த சுவர் கூரையைத் தொடாமல் பாதியிலேயே நின்றுவிடும். அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு "பம்பு ஸ்டவ்" மேலிருந்த சட்டியில் பாபு மாமா ஒரு கை மிளகாயை அள்ளிப் போட்டதும் லைன் மொத்தமும் ஒரே குரலில் இருமியது.

மாமா, அம்மாவின் தம்பி. சுரங்கம் மூடிய பிறகு விடிகாலை ரயிலில் பெங்களூர் போய், ஒரு சைனீஸ் ஓட்டலில் பாத்திரம் கழுவச் சேர்ந்து, அடுப்பு வரைக்கும் முன்னேறியிருந்தார். பக்கத்து லைன் செல்வி அக்கா மேல் அவருக்கு ஆசை, அக்காவுக்கும் அப்படியே. குறுக்கே நின்றவர் அவளுடைய அப்பா கோவிந்தசாமி மேஸ்திரி. தங்கக் கல்லை அரைத்துச் சயனைடு தண்ணீரில் ஊறவைக்கும் மில்லில் காலமெல்லாம் வேலை பார்த்தவர். பெண் கேட்கப் போன அம்மாவிடம், "ஓட்டல்ல சட்டி பொரட்டறதெல்லாம் ஒரு வேலையாம்மா? செரி, அவன் ஆக்கறத ஒரு வாட்டி துன்னு பாக்கறேன், அப்பால சொல்றேன்" என்று சொல்லியனுப்பினார். ஆக, மாமாவின் கல்யாணம் அன்றைக்கு எங்கள் சீனச்சட்டியில் இருந்தது. அதுவரை எங்கள் வீட்டில் சீனா சம்பந்தப்பட்ட பொருள் அந்தச் சட்டி ஒன்றுதான்.

மாமா வேகவைத்த பன்றிக்கறியை மெல்லிசாகச் சீவி, அதன் கொழுப்பிலேயே ஓரம் சுருளும்வரை புரட்டி, பூண்டும் இஞ்சியும் புளித்த மிளகாய் விழுதும் சேர்த்து, கடைசியில் ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். வெடித்த சிவப்பு மிளகு மாதிரி ஏதோ ஒன்று. "சிச்சுவான் மொளகு, அக்கா. சீனாவுல அந்தப் பக்கம் இது இல்லாம கறியே கெடயாது" என்றார். "காரம் பத்தலன்னா சொல்லு, நம்ம மொளகாத்தூள் கீது" என்றாள் அம்மா.

எனக்குப் பத்து வயது. ருசி பார்க்கும் பொறுப்பை யாரும் கொடுக்காமலே நான் ஏற்றுக்கொண்டிருந்தேன். முன்னறையில் மேஸ்திரிக்கும் வீட்டாருக்கும் பரிமாறிவிட்டு வந்த மாமா இன்னொரு தட்டெடுக்கத் திரும்பிய நேரத்தில் வாய் கொள்ளாமல் அடைத்துக்கொண்டேன். முதலில் காரம் வந்தது. அது சொந்தக்காரன், பழக்கம்தான். பிறகு உதட்டில் எறும்பு ஊர்ந்தது. அதன்பின் என் நாக்கைக் காணவில்லை. அது இருந்த இடத்தில் யாரோ ஒரு ரப்பர் துண்டை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். எச்சில் வழிய முன்னறைக்கு ஓடினேன்.

அங்கே இரண்டாவது வாய் மென்றுகொண்டிருந்த மேஸ்திரி சட்டென்று நிறுத்தினார். தன் உதட்டைத் தொட்டுப் பார்த்தார். என் வாயைப் பார்த்தார். முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. அடுத்த நொடி அவர் தட்டிவிட்ட என் அப்பாவின் தட்டு சுவரில் மோதி விழுந்தது.

"துப்புங்க! அல்லாரும் துப்புங்க! சயனைடு!" என்று குழறலாகக் கத்தினார்.

அம்மாவின் தட்டு, தங்கையின் தட்டு, எல்லாம் பறந்தன. "மேஸ்திரி, அது மொளகு..." என்று கரண்டியோடு ஓடிவந்த மாமாவிடம், "மொளகு துன்னா நாக்கு மரத்துப் போவுமாடா? சயனைடு தொட்டிகிட்ட வேல பாத்த எனக்கே சொல்றியா?" என்றபடி என் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினார். நான் சாகப்போவது உறுதி என்று தெரிந்ததால் பாயில் முறையாகப் படுத்து, கோலிகளைத் தங்கைக்கு எழுதிவைப்பதாக அறிவித்தேன். மரத்த வாயில் வந்த பேச்சு யாருக்கும் விளங்கவில்லை. தங்கைக்கு மட்டும் விளங்கி, உடனே போய் எடுத்துக்கொண்டாள். யாரோ சோப்புத் தண்ணீரைக் கரைத்து என் வாயில் ஊற்றினார்கள். அன்றைக்கு என் வயிற்றைக் கெடுத்தது அது ஒன்றுதான்.

இருமிக்கொண்டே வாசலில் கூடியிருந்த லைனைப் பிளந்துகொண்டு செல்வி அக்கா வந்தாள். மாமாவைப் பார்த்தாள். "நீ துன்னுக்கிறியா இத்த?"

"தெனமும் துன்றேன்."

நேரே போய்ச் சட்டியிலிருந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள்.

"ஏய் செல்வி! துப்பு! துப்புடி!" மேஸ்திரியின் குரல் உடைந்தது. லைன் இருமலை அடக்கிக்கொண்டு பார்த்தது. அக்காவின் கண் விரிந்தது. மென்று விழுங்கினாள்.

"இன்னாப்பா இது, உதடு ஜும்முன்னு ஓடுது!"

"செத்துட மாட்டியே?" என்று கேட்டது ஒரு பக்கத்து வீட்டுக் குரல்.

"செத்தா சொல்றேன்" என்று அடுத்த துண்டை எடுத்தாள்.

மேஸ்திரி தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "இத்தப் போட்டு ஆக்கறதுக்கு சம்பளம் வேற குடுக்கறானுங்களா?" என்றார். பிறகு, "சட்டில மீதி கீதா?" என்றார். பெண் கொடுக்கச் சம்மதம் என்பதை அவர் அப்படித்தான் சொன்னார்.

இப்போது அந்த மிளகு கைப்பேசியில் கேட்டால் வீட்டு வாசலுக்கே வருகிறது. என் மகள் அதைக் கடித்துவிட்டு நாக்கை நீட்டிப் படம் பிடித்துக்கொள்கிறாள். எங்கள் லைன் பூட்டிக் கிடக்கிறது. மில்லில் துருதான் மிச்சம். மேஸ்திரி போன வருஷம் போய்ச் சேர்ந்தார். காரியம் முடிந்த மறுநாள் மாமா வீட்டில் அதே கறி. பழைய கதையை நான் நடித்துக் காட்டச் சிரித்துக்கொண்டிருந்த மாமா, திடீரென்று சிரிப்பை நிறுத்தினார்.

"உனக்குத் தெரியாதுடா, நான் பாத்துகினே இருந்தேன். அவரு வாய்ல அந்தக் கவளம் அப்பிடியே கன்னத்துல அடங்கிக் கெடந்துது. ஒவ்வொருத்தர் தட்டா தட்டிவுட்டு, உன் வாயத் துழாவி எடுத்துட்டு, அப்பறம்தான் தன்னுத துப்பினாரு. வெசம்னு நெனச்சுகினேதான். அவரு பொண்ணக் குடுக்காம போயிருந்தாலும், அன்னிலேந்து நான் அந்த வூட்டு ஆளுதான்டா."

நான் மெல்லுவதை நிறுத்திவிட்டேன்.