அக்காவுக்கு வலிப்பு கிடையாது

என் அக்காவின் கல்யாணத்தைக் கெடுத்தவள் நான். ஒரே ஒரு பொய்யால்! விதி என்றும் வேளை என்றும் ஊர் சொன்னதை நம்பாதீர்கள்... நான்தான்.

அறுபதுகளின் கடைசி. அம்மா இல்லாத வீடு எங்களுடையது, மண்ணூர்பேட்டையில். நான் வயதுக்கு வந்ததுமே, "பள்ளிக்கூடம் போதும்" என்றார் அப்பா.

சரோஜா அக்கா குறுக்கே வந்து நின்றாள். "அவ படிக்கட்டும் நைனா. நான் வேலைக்குப் போறேன்."

பக்கத்திலிருந்த இண்டஸ்டிரியல் எஸ்டேட்டில் சுவிட்சு செய்யும் கம்பெனியில் சேர்ந்தாள். தன் தாவணிகளை எனக்குக் கொடுத்துவிட்டுப் புடவைக்கு மாறினாள். தாவணி நழுவாமல் ஊக்குக் குத்துவதிலிருந்து, அடிவயிற்று வலியோடு வகுப்பில் நிமிர்ந்து உட்காருவதுவரை எனக்குச் சொல்லித்தந்தவள் அவள்தான்.

நான் எஸ்.எஸ்.எல்.சி. படிக்கையில் வானகரத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்கு லேத்துப் பட்டறையில் வேலை. அவர்கள் போனபின் அக்கா தனக்குள் ஏதோ பாடிக்கொண்டே பாத்திரம் துலக்கினாள். அவள் பாடி நான் கேட்டதே இல்லை!

மகிழ்ந்தேனா? இல்லை... அவள் போய்விட்டால் அடுத்து கம்பெனிக்குப் போக வேண்டியவள் நான்.

மறுவாரம் மாப்பிள்ளையின் அம்மா மாங்காட்டுக் குங்குமத்தோடு தனியாக வந்தார். அக்கா வேலையில் இருந்தாள். பஸ் ஏற்றிவிட நான் கூடப் போனேன்.

"இன்னா பாப்பா, அக்காவுக்கு ஒடம்புல கொறை ஒண்ணும் இல்லியே?" பேச்சுக்குத்தான் கேட்டார்.

"எப்பவாச்சும் வலிப்பு வரும். நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க."

எவ்வளவு நிதானமாகச் சொன்னேன்! நாக்குக்கூடக் குழறவில்லை.

அவர்கள் திரும்பி வரவேயில்லை. பேச்சு பரவியது, வேறு யாரும் வரவில்லை. காரணம் அக்காவின் காதுக்கு எட்டியபோது, "எவ சொன்னா?" என்று தெருவில் நின்று கத்தினாள். பக்கத்தில் நானும் நின்றேன்... வாய் திறக்கவில்லை.

அவள் கம்பெனியிலேயே கிழவியானாள். நான் ஆசிரியை ஆனேன்.

அன்று பொய் சொல்லாதிருந்தால் நான் என்னவாகியிருப்பேன்? எத்தனையோ முறை கேட்டுப் பார்த்துவிட்டேன். மறுபடி அந்தப் பஸ் நிறுத்தத்தில் நின்றாலும் அதையே சொல்வேன் என்றுதான் தோன்றுகிறது. அதையும் உங்களிடம் மறைக்கப் போவதில்லை.

போன மாதம் அவளிடம் சொல்லிவிட்டேன். சொல்லியே தீர்வது என்று போய், முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் எதிரில் உட்கார்ந்து, எதையும் குறைக்காமல் சொன்னேன்.

கையிலிருந்த கொத்தை ஆய்ந்து முடித்தாள். பிறகு கேட்டாள்: "அந்தம்மா ஒடனே நம்பிட்டாங்களா?"

"நம்பிட்டாங்க."

"அந்த மாப்பிள்ளைக்குக்கூட என்னை ஒருவாட்டி வந்து கேக்கணும்னு தோணலியா?"

அவள் கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். கேட்டால் கொடுத்துவிடுவாள்... எனக்குத் தெரியும்! இதுவரை அவளிடமிருந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டேன். இதை வாங்க மாட்டேன்.