பந்து எறிகிறவனுக்கு மட்டும் ஒரு கதவு

சென்ற ஞாயிறு பாரிஸுக்கு வெளியே வில்லியே லே பெல்லில் ஒரு சாப்பாட்டுக்கடைத் திறப்புக்குப் போனேன். பால் பொங்கி வழிந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

ஒளிக்காமல் சொல்லுகிறேன் — பொறாமைதான். இந்த வயதிலா என்று கேட்காதீர்கள். இந்த வயதில் சீனி வருத்தம் வருகிறது, முழங்கால் நோ வருகிறது… பொறாமை மட்டும் வரக்கூடாதா?

எல்லாம் தொடங்கியது ஒரு பேஸ்போல்காரனால்.

குளிர் ஆரம்பித்த நேரம், ஒரு கலியாணத்துக்காக ரொறன்ரோவிலிருந்து வந்திருந்தான் என் தங்கச்சியின் மகன் குகன். பாரிஸில் ரூ காய் என்ற தெருவில் இருக்கும் என் சாப்பாட்டுக்கடைக்கு வராமல் போவானா? லா சப்பல் ஸ்டேஷனில் இறங்கி யாரைக் கேட்டாலும் என் கடையைக் காட்டுவார்கள். இது பெருமை இல்லை, தகவல்.

வாய் நிறையக் கொத்துரொட்டி. ஒரு கையில் போன். திடீரென்று "போயிட்டான்!" என்று கத்தினான். பக்கத்து மேசைக்காரர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். யாரோ செத்துவிட்டார்கள் என்றுதான் நானும் ஓடினேன்.

"எங்கட டீமின்ரை பெஸ்ட் பிட்சர், மாமா. பந்து எறியிற ஆள். ஒப்ட்-அவுட் பண்ணிட்டான்."

"அப்பிடியெண்டா? கை கால் ஏதும் முறிஞ்சுதோ?"

"இல்லை மாமா. ஏழு வருசத்துக்கு எழுதின ஒப்பந்தம். மூண்டு வருசம் முடிய, விருப்பமெண்டால் விட்டுட்டுப் போகலாமெண்டு அதுக்குள்ளயே எழுதிக் கிடக்கு. இந்த வருசம் நல்லா எறிஞ்சவன். வேறை டீம் இதைவிடக் கூடக் காசு குடுக்கும். அதுதான் போறான்."

"மோசமா எறிஞ்சிருந்தால்?"

"பேசாமல் இருந்திருப்பான். மிச்ச நாலு வருசத்துக்கும் டீம் சம்பளம் குடுத்தே ஆகவேணும்."

"சரி… முதலாளிக்கு அவனைப் பிடிக்கேல்லை எண்டால்? மூண்டு வருசத்திலை அவரும் 'போயிட்டு வா தம்பி' எண்டு சொல்லலாமோ?"

"ஏலாது மாமா. அந்தக் கதவு பிளேயரின்ரை பக்கம் மட்டும்தான் திறக்கும்."

நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். இந்த நாட்டில் நான் வைத்த கையெழுத்துகளுக்குக் கணக்கில்லை. அவர்கள் விரலை வைத்துக் காட்டுவார்கள், நான் அந்த இடத்தில் போடுவேன். கோப்பை கழுவுகிறவனாகத் தொடங்கி இந்தக் கடை வரைக்கும் அப்படித்தான் வந்தேன். வங்கிக்காரன் எனக்கு ஒரு கதவு வைத்தானா? நம்முடைய ஆட்களின் சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள் — நடுவில் "நான் விலகுறன்" என்று சொல்லிவிட்டு அடுத்த நாள் இந்தத் தெருவில் தலைகாட்ட முடியுமா? பந்து எறிகிறவனுக்கு மட்டும் என்ன கொடுப்பினை!

அந்தக் கிழமை முழுக்க எனக்கு இதே கதைதான். மரக்கறி கொண்டுவருகிறவருக்குச் சொன்னேன். சில்லறை மாற்ற வந்தவருக்குச் சொன்னேன். சாப்பிட வந்தவர்கள் எல்லோருக்கும் சத்தமாகச் சொன்னேன். கல்லாவில் இருந்த என் மனைவிக்குப் பொறுக்கவில்லை.

"இஞ்சேருங்கோ, முகம் தெரியாத பந்துக்காரனிலயும் உங்களுக்கு எரிச்சலோ?"

"முகம் தெரிஞ்சவையிலை எரிஞ்சு முடிஞ்சுதப்பா."

இதில் நான் விட்ட பிழை ஒன்றுதான். சமையலறை யன்னல் திறந்திருந்தது. அதற்குப் பின்னால் மோகன் நின்றான்.

மோகன் என் கடைக் கொத்து மாஸ்டர். பத்து வருடத்துக்கு மேல் என்னோடு. அவன் தட்டில் கொத்தும் சத்தத்துக்கே தெருவில் போகிறவன் உள்ளே வருவான். கொத்தப் பழக்கியது நான். இப்போது என்னைவிட நன்றாகக் கொத்துகிறான். இதை உங்களுக்குத்தான் சொல்லுகிறேன், அவனுக்குச் சொன்னதில்லை.

மத்தியானக் கூட்டம் கலைந்த ஒரு நாள் வந்து நின்றான். ஏப்ரனைக் கழற்றி மடித்துக் கையில் வைத்திருந்தான்.

"அண்ணை, ஒரு கதை."

ஏப்ரனை மடித்துக்கொண்டு ஒருவன் 'ஒரு கதை' என்று வந்தால் அது என்ன கதை என்று எந்த முதலாளிக்கும் தெரியும்.

"வில்லியே லே பெல்லிலை, என்ரை வீட்டுக்குக் கிட்ட ஒரு கடை வருது. மச்சானும் நானும் சேர்ந்து எடுக்கலாமெண்டு…"

"ஓ! உனக்கும் ஒப்ட்-அவுட்டோ?"

"கிழமை முழுக்க நீங்கள்தானே அண்ணை சொல்லிக்கொண்டிருந்தனீங்கள்."

யோசித்துப் பார்த்தேன். இவன் என்னைக் கேட்கவே தேவையில்லை! இந்த நாட்டில் நிரந்தர ஒப்பந்தம் கிடைத்த எவனுக்கும் அந்தப் பேஸ்போல் கதவு ஏற்கெனவே இருக்கிறது. அவன் போவதென்றால் ஒரு கடிதம் போதும். நான் அவனை அனுப்புவதென்றால் வக்கீல் வேண்டும். ஆக, கனடாவில் பந்து எறிகிறவனுக்குக் கதவு. பாரிஸில் கொத்துப் போடுகிறவனுக்குக் கதவு. எனக்கு மட்டும் சுவர்!

"பேப்பரிலை நீ எப்பவும் போகலாமேடா. என்னை ஏன் கேக்கிறாய்?"

"அது தெரியும் அண்ணை. நான் கேக்கிறது அது இல்லை…" ஏப்ரனை இன்னொரு மடிப்பு மடித்தான். "போன பிறகும் உங்களோட கதைக்கலாமோ?"

வெளியூர் வாசகர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் தெருவில் வேலைக்கு நின்றவன் விலகித் தனிக்கடை போட்டால், பேப்பர் அலுவல் ஒரு நாளில் முடிந்துவிடும். அதற்குப் பிறகுதான் மற்றது தொடங்கும். பேச்சில்லை. நன்மை தின்மைக்கு, கலியாணம் சாவுக்குக்கூட, போக்குவரத்தில்லை. தேர்த் திருவிழாவில் எதிரெதிரே வந்தால் இரண்டு பேரும் சாமியைப் பார்ப்பார்கள். வாடிக்கையாளர்கூட யார் பக்கம் என்று முடிவெடுக்க வேண்டும்.

எனக்கும் அதுதான் நடந்தது. என் பழைய முதலாளியை விட்டு நான் வந்து எத்தனையோ காலம். இன்றைக்கும் என்னைக் கண்டால் அவர் மற்றப் பக்கத்து நடைபாதைக்கு மாறிவிடுவார். அவருடைய தாயார் செத்தபோது போனேன். நான் நீட்டிய கையை அவர் பிடிக்கவில்லை.

மோகனிடம் "நாளைக்குக் கதைப்பம்" என்றேன். உண்மையில் என் மூளை வேறு இடத்தில் இருந்தது: சனிக்கிழமைக் கூட்டத்துக்கு யார் கொத்துவது?

அன்று பின்னேரம் குகன் ரொறன்ரோவிலிருந்து போன் எடுத்தான். ஊருக்குப் போய்ச் சேர்ந்தவன் சும்மாதான் எடுத்தான். நான் முதலில் கேட்டது அவன் சுகத்தை இல்லை.

"அந்தப் பிட்சர் எந்த டீமுக்குப் போனவன்?"

"இன்னும் ஒருத்தரும் எடுக்கேல்லை மாமா. கூடக் காசு கேட்டிட்டான் போல."

"அப்ப பழைய இடத்துக்கே திரும்பிப் போகலாம்தானே?"

"அவையள் வேறை ஆளை எடுத்திட்டினம். அது வெளியிலை போற கதவு மாமா. உள்ளுக்கை வாற கதவு இல்லை."

அடப் பாவமே! இத்தனை நாள் இவனிலா எரிந்தேன்? மோகனின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. மனைவி, இரண்டு பிள்ளைகள், இனிமேல் கடைக் கடன்… கடை படுத்தால் எங்கே போவான்? இந்தத் தெருவில் அவனுக்கு எந்தக் கதவு திறக்கும்?

அடுத்த நாள் காலை சமையலறைக்குள் போனேன். கோவா, அதுதான் முட்டைக்கோசு, வெட்டிக்கொண்டு நின்றான்.

"போ. ஆனால் ஒரு நிபந்தனை."

கத்தி நின்றது. "என்ன அண்ணை?"

"சரிவரேல்லை எண்டால் நேரா இஞ்சைதான் வரவேணும். வேறை கடைக்கு வேலைக்குப் போனியோ, அப்பதான் உன்னோட கதையில்லை."

குனிந்துகொண்டான். கண்ணைத் துடைத்தான். "வெங்காயம் அண்ணை…"

"நீ வெட்டுறது கோவாடா!"

பிறகு சொன்னான்: "பால் காய்ச்ச நீங்கள்தான் வரவேணும்."

அப்படித்தான் சென்ற ஞாயிறு நானும் மனைவியும் ரயில் ஏறினோம். கடை சின்னன், ஆனால் வாசல் வரைக்கும் சனம். பாதிப் பேர் என் கடைக்கு வந்துபோன முகங்கள். "அண்ணையும் வந்திட்டார்!" என்று என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சாப்பிடுகிறார்கள், வெட்கமில்லாமல்! முதல் தட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான் மோகன். ஒரு வாய் போட்டேன். என் கடையில் கொத்தியதைவிட ருசி. அதே கைதானே? எங்கே ஒளித்து வைத்திருந்தான் இந்த ருசியை?

"உப்புக் கொஞ்சம் குறைவு" என்றேன்.

"உங்கட கடையிலை நிண்ட காலம் முழுக்க இதைத்தானே அண்ணை சொன்னனீங்கள்" என்று சிரித்தான்.

திரும்பி வரும்போது ரயிலில் மனைவி என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"என்னப்பா, அவன்ரை கடையிலை எரிச்சலோ?"

கடையில் இல்லை. கூட்டத்தில் இல்லை. ருசியில்… கொஞ்சம். ஆனால் சரியான எரிச்சல் வேறு இடத்தில். நான் விலகி வந்த அன்று, "சரிவரேல்லை எண்டால் திரும்பி வா" என்று எனக்கு யார் சொன்னார்?

அவனுக்கு மட்டும் என்னைப் போல ஒரு முதலாளி கிடைத்திருக்கிறான்… எரியாதா பின்னே?