தேரா ஓட்டலில் தெஸ்பினா

புதுக்கோட்டைப் பக்கம் நாடகங்களுக்கும் திருவிழாக்களுக்கும் மைக்செட் கட்டிக்கொண்டிருந்த உமாபதி, 1974இல் துபாய் வந்து, தேராவில் ஒரு ஓட்டலில் எலக்ட்ரீஷியனாகச் சேர்ந்தான். மறுவருஷம் தெஸ்பினா அங்கே பாட வந்தபோது மைக்கைக் கவனிக்கிற வேலையும் அவன் தலையில் விழுந்தது.

தெஸ்பினாவுக்கு நாற்பத்தாறு வயது. கிரேக்க நாட்டில் ஏதோ ஒரு சின்னத் தீவுக்காரி. கல்யாண வீடுகளில் பாடிக்கொண்டிருந்தவளை ஏதென்ஸுக்குக் கூட்டிப்போய் இசைத்தட்டு போட்டார்கள். பத்து வருஷம் கப்பல்களிலும் காபிக் கடைகளிலும் அவள் பாட்டுதான். பிறகு சின்ன வயசுப் பாடகிகள் வந்தார்கள். சுவரொட்டிகளில் அவள் பெயர் கீழே இறங்கிக்கொண்டே வந்து, ஒருநாள் இல்லாமலே போயிற்று. துறைமுக வேலைக்காகத் துபாயில் கிரேக்கர்கள் நிறையப் பேர் இருந்ததால், அவர்களுக்கு வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டின்போது பாட ஆறு மாத ஒப்பந்தத்தில் வந்திருந்தாள்.

முதல் ஒத்திகையிலேயே உமாபதிக்குத் தெரிந்துவிட்டது. எத்தனையோ தொண்டைகளைக் கேட்டவன் அவன். மேலே போகும்போது அவள் குரல் கிழிந்தது. அவன் மைக்செட்டில் எதிரொலியைக் கூட்டும் எக்கோ குமிழைக் கொஞ்சம் திருப்பினான். கிழிசல் மறைந்தது.

பாடி முடித்ததும் அவள் நேராக அவனிடம்தான் வருவாள். இருவருக்கும் அரைகுறை இங்கிலீஷ்.

"எப்படி இருந்தது, உமாபதி?"

"ரொம்ப நல்லா இருந்தது மேடம்."

'ஏ, எலக்ட்ரிக்' என்றே எல்லாரும் அவனைக் கூப்பிடுகிற ஓட்டலில், அவள் ஒருத்திதான் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

வாரத்துக்கு வாரம் குமிழ் இன்னும் கொஞ்சம் திரும்பியது. கிச்சனில் வேலை பார்த்த கீழக்கரை கலீல் ரஹ்மான் ஒருநாள் சொன்னான்: "அண்ணே, அந்தம்மா குரல் போயிட்டிருக்கு. கதவுக்கு அந்தாண்ட நிக்கிற எனக்கே தெரியுது. நீங்க மூடி மூடி வைக்கிறீங்க. டாக்டர்ட்ட காட்டச் சொல்லுங்க."

"சொல்றேன்டா" என்றான் உமாபதி. சொல்லவில்லை.

ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை, பாட்டின் நடுவில் கரண்ட் போயிற்று. ஏசி அடங்கியது. மைக் செத்தது. தெஸ்பினா நிறுத்தவில்லை, பழகின பாட்டு, பாடிக்கொண்டே போனாள். கூடம் முழுக்க அவளுடைய வெறுங்குரல் கேட்டது. உச்சிக்குப் போகையில் காற்று மட்டும் வந்தது.

"ஜெனரேட்டர்! யல்லா, ஜல்தி!" என்று மேனேஜர் அவசரப்படுத்திக் கத்தினார். உமாபதி ஜெனரேட்டர் பக்கம் போகாமல் அவள் குரலையே கேட்டுக்கொண்டு நின்றான்.

மேஜைகளில் இருந்தவர்கள் சிரிக்கவில்லை. வயசான கிரேக்க மேஸ்திரி ஒருவர் எழுந்து அவளோடு சேர்ந்து பாட ஆரம்பித்தார். பிறகு எல்லாரும் பாடினார்கள், அவள் குரல் கேட்காத அளவுக்கு உரக்க. இரக்கப்பட்டுப் பாடுகிறார்கள் என்பது அவளுக்குப் புரிந்தது. பாட்டை நிறுத்தித் தலைகுனிந்து வணங்கிவிட்டு இறங்கிவிட்டாள்.

கிச்சன் நடையில் சோடாப் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தவளிடம் உமாபதி தண்ணீர் கொண்டுபோனான்.

"என் குரல் போயிட்டிருக்கிறது உனக்குத் தெரியுமா?"

"தெரியும் மேடம்."

"எப்போதிலிருந்து?"

"முதல் நாள்லேர்ந்து."

அவள் டம்ளரை வாங்கவில்லை. "எனக்கு மருந்து பார்த்திருக்கலாம். நீயாவது சொல்லியிருக்கலாம்" என்றாள்.

சொன்னால் அவள் போய்விடுவாள் என்றுதான் சொல்லவில்லை. அதை எந்த இங்கிலீஷில் சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. அடுத்த வாரமே அவள் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டாள். அவனிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

மூன்று வருஷம் கழித்து, சாப்பிட வந்த, அவள் தீவுக்காரரான கிரேக்க இன்ஜினியர் ஒருவரிடம் விசாரித்தான். தொண்டையில் ஆபரேஷனாம். இப்போது தீவில் படகுத்துறையில் டிக்கெட் கிழிக்கிறாளாம். பேச்சே அதிகம் இல்லையாம்.

"ஒரு கார்டு எழுதித் தருவீங்களா சார், உங்க பாஷையில?"

"என்ன எழுத?"

"நல்லா இருந்ததுன்னு நான் சொன்னது பொய்னு எழுதுங்க. குரல் போறது தெரிஞ்சே, வேணும்னுதான் சொல்லாம இருந்தேன்னும் எழுதுங்க."

பதில் வரவில்லை. அடுத்த வருஷம் விசா முடிந்து, உமாபதி அபுதாபியில் ஒரு லிஃப்ட் கம்பெனிக்கு வேலைக்குப் போய்விட்டான்.