ஐந்து மணி என்றால் ஐந்து மணி

மூன்று வாரங்களுக்கு முன் எங்கள் வீட்டில் ஒரு பிரசங்கம். தலைப்பு — விசுவாசி தன் நேரத்தை எப்படிப் பயன்படுத்த வேண்டும். கூட்டம் ஐந்து மணிக்குத் தொடங்க வேண்டியது. தொடங்கியபோது ஐந்தே முக்கால்!

யாரும் சிரிக்கவில்லை. யாருக்கும் அதில் விசேஷமாக எதுவும் தெரியவில்லை என்பதுதான் காரணம்.

பீடோங்கில் என் வீட்டில் சனிக்கிழமைதோறும் வீட்டு ஜெபம் நடப்பது உங்களில் பலருக்குத் தெரியும். முறை எப்போதும் ஒன்றுதான். முதலில் காத்திருப்போம். பிறகு பாட்டு, செய்தி என்கிற பிரசங்கம். கடைசியாக ஜெபக் குறிப்பு — அவரவர் கவலையைச் சொல்வார்கள், எல்லோரும் சேர்ந்து ஜெபிப்போம். அப்புறம் சாப்பிட மீகூன் சேமியா, கறிபாப், தேத்தண்ணி. பாஸ்டர் லூனாஸ் ஊரிலிருந்து வர வேண்டும். அவர் வராமல் நாங்கள் பாட்டுப் புத்தகத்தைக்கூடத் திறப்பதில்லை.

சில வாரங்களாகச் செல்வி என்றொரு பெண் வந்துகொண்டிருந்தார். புக்கிட் செலம்பாவ் பக்கம், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் வீடு. கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகள். தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட். மோட்டார் சைக்கிளை எங்கள் வாசலில் நிறுத்திவிட்டு ஜெபத்தில் உட்காருவார். ஆறேகாலுக்கு முச்சந்தியில் தொழிற்சாலை பஸ். அதனால் பாதிச் செய்தியில் எழுந்து, எல்லோருக்கும் முன்னால் குனிந்தபடி வெளியே போவார்.

இந்தப் பெண்ணுக்கு ஒரு இடத்தில் உட்காரவே பொறுமை இல்லை என்று ஒருவர் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. பொறுமை இல்லையா? வாராவாரம் முதல் ஆளாக வந்து, காலி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரே அவர்தான்!

அந்தப் பிரசங்க நாளிலும் அப்படித்தான் எழுந்து போனார். வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகிறாரே என்று மீகூனைப் பொட்டலம் கட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். முச்சந்தியில் கொடுத்துவிட்டு, இப்படிப் பாதியில் போவதற்கா இவ்வளவு தூரம் வருகிறாய் என்று சும்மாதான் கேட்டேன்.

"ஜெபக் குறிப்புல ஒன்னு சொல்லணும்னுதான்க்கா வர்றேன்" என்றார். "மார்ல ஒரு கட்டி. சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பிருக்காங்க. வர்ற செவ்வா இல்ல, அதுக்கடுத்த செவ்வாக்கிழம ரிசல்ட். ஒவ்வொரு வாரமும் சொல்லலாம்னு பாக்குறேன்... பஸ் வந்துருதுலா."

அங்கேயே அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபிக்க ஆரம்பித்தேன். செம்பனை லாரி போன சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஆமென் சொல்வதற்குள் பஸ் வந்து ஹாரன் அடித்தது. செல்வி ஏறிவிட்டார்.

வீட்டுக்குத் திரும்பினேன். கூட்டம் முடிந்து பாஸ்டர் கிளம்பியதும், பட்டறை வைத்திருக்கும் எங்கள் சபை மூப்பர் ஆல்பர்ட் அண்ணன் கறிபாப்பைக் கடித்தபடி, இன்றைய செய்தி அருமை என்கிறார். எனக்கு வந்த கோபத்தை என்ன சொல்ல! அடுத்த வாரம் சரியாக ஐந்துக்கு ஆரம்பம், ஜெபக் குறிப்புதான் முதலில் என்று அங்கேயே அறிவித்தேன்.

"பாஸ்டர் வராம எப்படிம்மா? மரியாதையா இருக்காதுலா" என்றார் அண்ணன்.

"ஆண்டவர் அஞ்சு மணிக்கே வந்துர்றாரு அண்ணே. அவர உக்கார வச்சுட்டு நாம யாருக்குக் காத்துக்கிட்டு இருக்கோம்?"

வாட்ஸ்ஆப் குழுவிலும் போட்டேன். எல்லோரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். ஒருவரும் நம்பவில்லை என்று அதற்கு அர்த்தம்.

அடுத்த சனிக்கிழமை. ஹால் நிறைய நாற்காலிகள். ஆட்கள் நான்கே பேர் — நான், என் கணவர், செல்வி, ஆல்பர்ட் அண்ணன். நான் நிஜமாகவே ஆரம்பிக்கிறேனா என்று பார்க்க அண்ணன் வந்திருந்தார் போல. இன்னும் கொஞ்சம் பார்ப்போமே என்று கணவர் இழுத்தார். ஒரு பார்வை பார்த்தேன். உடனே பக்தியோடு கண்ணை மூடிக்கொண்டார்.

செல்வி சொன்னார். சின்னக் குரல். பயமாக இருக்கிறது, பிள்ளைகளிடம் இன்னும் சொல்லவில்லை என்பதையும் சொன்னார். வழக்கமாக நீண்ட ஜெபம் செய்யும் ஆல்பர்ட் அண்ணன் அன்று நாலு வரிகூட முடிக்கவில்லை. கைக்குட்டையைத் தேட ஆரம்பித்துவிட்டார். மிச்சத்தை நான் முடித்தேன்.

பாஸ்டர் வந்தபோது நாங்கள் பாடிக்கொண்டிருந்தோம். சத்தமில்லாமல் வாசலோரம் செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கோபித்துக்கொள்வாரோ என்றுதான் நினைத்தேன். பிறகு அவர் சொன்னது இது: எப்படியும் எல்லோரும் தாமதமாகத்தான் வருவார்கள் என்று, வரும் வழியில் இரண்டு வீட்டில் நின்றுவிட்டு வருவாராம்.

பார்த்தீர்களா? அவருக்காக நாங்கள் தாமதம். எங்களுக்காக அவர் தாமதம். எல்லோரும் எல்லோருக்கும் மரியாதை கொடுத்துக்கொண்டே இருந்தோம்... நடுவில் ஒரு பெண்ணின் பஸ் வந்து போய்க்கொண்டிருந்தது.

நேரத்தை வீணாக்குவது என்றால் போன், டிவி என்றுதான் நமக்கு நினைப்பு. அதையெல்லாம் விட்டுவிட்டேன் என்று சாட்சி சொல்லவும் தயங்க மாட்டோம். ஆனால், அடுத்தவர் நேரத்தை எடுத்துக்கொள்வதை மட்டும் பாவக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. அதுவும் ஆண்டவர் பெயரில் எடுத்தால் கேட்பார் யார்?

அன்று ஆறேகாலுக்கு முன் செல்வி எழுந்தபோது குனியவில்லை. சத்தமாக ஒரு ஆமென் சொல்லிவிட்டு, நிமிர்ந்து நடந்து போனார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பெரிய ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். கெட்ட கட்டிதான் என்றார் டாக்டர். ஆபரேஷன் செய்ய வேண்டும், தள்ளிப்போடாமல் செய்தால் நல்ல நம்பிக்கை இருக்கிறது என்றும் சொன்னார். வெளியே வந்ததும் எனக்குத்தான் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. செல்வி என் தோளைத் தட்டிவிட்டுக் கேட்டார்:

"சனிக்கிழம அஞ்சு மணிக்குத்தானேக்கா?"

ஆமாம், ஐந்து மணிக்குத்தான். பிந்தி வருகிறவர்களும் தாராளமாக வரலாம். கதவு திறந்துதான் இருக்கும் — நாங்கள்தான் கண்ணை மூடியிருப்போம்.