வாய்க்காரி சொல்ல மறுத்த பதில்

வெளிநாட்டு டாக்டர்களின் மொழியும் மலைக்காரர்களின் மொழியும் சேர்ந்து தெரிந்த ஒரே ஆள் அந்த மிஷன் மருத்துவமனையில் அவள்தான். அதனால் வாய்க்காரி என்று பெயர் வைத்துவிட்டார்கள். சொந்தமாக அவள் பேசுவது ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை தேறாது. அடுத்தவர் பேச்சைச் சுமந்தே நாக்கு அலுத்துப்போயிருக்கும்.

ஒன்பது வயதில், அடுப்பில் வெந்த வலது கையோடு மலையிலிருந்து தூக்கி வரப்பட்டவள். இரண்டு விரல் போனது, கை பிழைத்தது. அழைத்துப்போக யாரும் வரவில்லை. அங்கேயே வளர்ந்தாள், படித்தாள், வார்டு கூட்டினாள். இருபத்திரண்டு வயதில் ஒரு நாள் தரை கூட்டிக்கொண்டிருந்தபோது, ஒரு கிழவருக்கு டாக்டர் வயிற்று மாத்திரை எழுதுவதைப் பார்த்தாள். துடைப்பத்தோடு நிமிர்ந்து, "வயிறு இல்லீங்க. அவரு நெஞ்சுன்னு சொல்றாரு" என்றாள். அன்றோடு துடைப்பத்தை வாங்கிக்கொண்டு டாக்டர் பக்கத்தில் நிற்கவைத்தார்கள்.

அவளுக்கு முன்பு அந்த வேலையைப் பார்த்தவர் சுருக்கக்காரர். நோயாளி அரைமணி நேரம் அழுது சொன்னதை, "தலைவலியாம்" என்று முடித்துவிடுவார். இவள் ஒரு சொல் கூட்டவும் மாட்டாள், குறைக்கவும் மாட்டாள். ஊசி வலியில் ஒருவர் டாக்டரை எருமை என்று திட்டியபோது, முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல், "நீங்க எருமையாம்" என்று டாக்டரிடம் சொன்னாள். டாக்டரும் சிரித்துவிட்டார்.

இப்படிப் பதினோரு வருடம் போனது. அப்புறம் நெட்டை டாக்டர் வந்தார். கடல் கடந்து மூன்று மாதம் இலவசமாக அறுவைச் சிகிச்சை செய்ய வந்த மனிதர். பக்தியும் உண்டு, கைராசியும் உண்டு. உட்காரத்தான் நேரமில்லை. கட்டில் கட்டிலாக நின்றபடியே பேசிவிட்டுப் போவார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை அவர் நின்றது ஒரு கல் உடைக்கும் பெண்ணின் கட்டிலருகே. ஐம்பது வயது, சர்க்கரை நோய். இடது பாதம் கறுத்து அழுகிவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும், இன்றைக்கே எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் உயிர் தங்காது என்றார் டாக்டர். வாய்க்காரி அப்படியே சொன்னாள். அந்தப் பெண் வெகுநேரம் தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்:

"எடுத்த காலை எங்க போடுவீங்க?"

கேள்வி டாக்டரிடம் போனது. அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "அதையெல்லாம் யோசிக்க வேண்டாம், எல்லாம் நல்லபடியா நடக்கும்னு சொல்லு. கைநாட்டு வாங்கு."

வாய்க்காரி வாயைத் திறக்கவில்லை.

"என்ன ஆச்சு உனக்கு? சொல்லு."

"அவங்க ஒண்ணு கேட்டாங்க டாக்டர். நீங்க சொன்னது அதுக்குப் பதில் இல்ல. பதிலைச் சொல்லுங்க, சொல்றேன்."

"இந்த அம்மா சாகக் கிடக்குது. நீ விளையாடுறியா?"

அவள் அடையாள அட்டையைக் கழற்றி மருந்துத் தட்டில் வைத்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அடுத்த கட்டிலுக்குப் போன டாக்டருக்கு அங்கே ஒரு வார்த்தையும் விளங்கவில்லை. கையைக் காட்டிப் பார்த்தார், படம் வரைந்து பார்த்தார். வார்டே ஊமையாகிப்போனது.

கால்மணி நேரத்தில் கண்காணிப்பாளர் வேர்த்து விறுவிறுத்து வந்தார். போதகராக இருந்து நிர்வாகத்துக்கு வந்தவர். அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்ததும் அவர்தான்.

"எழுந்திரும்மா. நமக்காகச் சொந்த ஊரை விட்டு வந்த மனுஷன். கீழ்ப்படியுறதுதானே நமக்கு அழகு?"

"வேதத்துல, கண்ணில்லாதவன் வந்து நின்னப்ப, என்ன வேணும்னு ஆண்டவர் அவன்கிட்டயே கேட்டாருல்ல ஐயா? பார்த்தாலே அவருக்குத் தெரியாதா?"

"வேலை போயிடும். யோசிச்சுக்க."

"போகட்டும்." அவள் வலது கையைத் தூக்கிக் காட்டினாள். "இந்த ரெண்டு விரலையும் நல்லதுக்குத்தான் எடுத்தீங்க. எடுக்கப்போறோம்னு யாரும் எங்கிட்ட சொல்லல. முழிச்சதும் எங்கேயோ விழுந்திருக்கும்னு கட்டிலுக்கு அடியில தேடுனேன் ஐயா. வார்டு பூரா சிரிச்சாங்க. இந்த அம்மாவைத் தேட விடமாட்டேன்."

கண்காணிப்பாளர் திரும்பிப்போய் டாக்டரிடம் என்ன சொன்னாரோ தெரியாது. உள்ளுக்குள் வாய்க்காரிக்குப் பதைப்புதான். நேரம் போகப்போக விஷம் ஏறும், இந்தப் பெண் செத்தால் பழி தன் தலையில் என்று தெரியும். அரைமணி நேரம் அரை யுகமாக இருந்தது.

டாக்டர் ஒரு ஸ்டூலைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். கட்டிலருகே போட்டு உட்கார்ந்தார். அந்த நெட்டை உடம்பு மடங்கி, முகம் அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேராக வந்தது.

"பின்னாடி ஒரு உலை இருக்கு. அழுகின துணி, ஊசி எல்லாத்தோடயும் சேர்த்து எரிச்சுடுவோம்" என்றார்.

வாய்க்காரி ஒரு சொல்லும் குறைக்காமல் சொன்னாள்.

"குப்பையோடயா?" அந்தப் பெண் முழங்கையை ஊன்றி எழுந்தாள். "அம்பது வருசம் என்னையும் மூணு பிள்ளைங்களையும் சுமந்த காலு. குப்பைன்னா தர மாட்டேன். மண்ணுல புதைங்க, தர்றேன்."

"எங்கே புதைக்கணும்னு கேளு" என்றார் டாக்டர்.

ஜன்னலுக்கு வெளியே, பம்பு அறைக்குப் பின்னால் ஒரு வேப்பமரத்தடியைச் சொன்னாள் அந்தப் பெண். கைநாட்டு விழுந்தது. பகல் ஒரு மணிக்கு அறுவை, நாலு மணிக்குக் குழி. கட்டிலோடு ஜன்னலருகே தள்ளிக்கொண்டு வரச் சொல்லி, மண் மூடும்வரை அந்தப் பெண் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆழம் போதாது, இன்னும் தோண்டச் சொல்லு" என்று அதட்டல் வேறு. பிழைத்தாள். கட்டைக்கால் பொருத்திக்கொண்டு, மறுபடி கல் உடைக்கவே போனாள்.

வாய்க்காரிக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. 'கீழ்ப்படியாமை' என்ற சொல்லுக்குக் கீழே கையெழுத்துப் போட மறுத்துவிட்டாள். வேலையும் போகவில்லை, கையெழுத்தும் விழவில்லை. அந்தத் தாளின் அடிப்பகுதி இன்னும் கோப்பில் வெறுமையாகக் கிடக்கிறது. நெட்டை டாக்டர் மறுவருடமும் வந்தார். மலை மொழியில் எண்பது சொல் கற்று, எல்லாவற்றையும் தப்பாகச் சொல்லி நோயாளிகளைச் சிரிக்கவைத்தார்.

இப்போது ஒப்புதல் படிவம் அச்சடித்தே வருகிறது. கடைசி வரியில் 'நோயாளிக்கு விளக்கப்பட்டது' என்று இருக்கும். அவள் அதை அடித்துவிட்டு 'நோயாளிக்கு விளங்கியது' என்று எழுதுகிறாள். அதுவும் விளங்கிய பிறகுதான். அச்சை மாற்ற முடியாது என்று நிர்வாகம் இரண்டு தடவை சொல்லிவிட்டது.

"மாத்தாதீங்க. எங்கிட்ட பேனா இருக்கு" என்றாள் அவள்.