மரத்தூள் குடைப்பிடி

வெளிநாட்டுச் சாமான் எதுவும் நாட்டுக்குள் வராத எழுபதுகளின் தொடக்கம் அது. பதுளை டவுனில் குடைக்கடை வைத்திருந்த முதலாளி, கடையின் பின்பக்கத்தில் குடைப்பிடி வார்க்கும் கைமெஷின் ஒன்றைப் போட்டார். பசறைப் பக்கத் தேயிலைத் தோட்டத்திலிருந்து நானும் அக்காவும் அங்கே வேலைக்குப் போனோம். மழையிலும் அட்டைக்கடியிலும் நிற்காத வேலை என்று அம்மாவுக்குப் பெருமை.

உடைந்த வாளி, பேசின்களை நறுக்கி, மரத்தூளோடு கலந்து, மெஷினின் சூடான குழாயில் போடுவோம். உருகியதும் அக்கா நெம்புகோலைப் பிடித்து இழுப்பாள். குழம்பு கீழே அச்சுக்குள் இறங்கும். தனிப் பிளாஸ்டிக் என்றால் தேன் மாதிரி ஓடிவிடும். தூள் கூடினால் குரக்கன் களி மாதிரிக் கெட்டியாகிவிடும். பிடியின் நேர்பகுதி நிறையும். கொக்கியாக வளையும் நுனிக்குப் போய்ச் சேருமுன் இறுகிவிடும். நுனியில்லாத பிடிகளைத் திரும்ப உருக்கினால் தூள் கருகி இன்னும் மோசமாகும்.

பழைய பிளாஸ்டிக்கும் கிடைக்காமல் போகப் போக, முதலாளி தூளைக் கூட்டச் சொன்னார். ஓடவில்லை என்றால் சூட்டைக் கூட்டச் சொன்னார். தூளைச் சலித்துத் தகரத்தில் காயவைப்பது என் வேலை. ஐப்பசி மழை பிடித்ததும் எதுவும் காயவில்லை.

"முதலாளி, தூள் ஈரமா இருக்குங்க. நேத்தும் குழாய்க்குள்ள படபடன்னு வெடிச்சிச்சு" என்றாள் அக்கா.

"சூட்டுலதானே போடுறே, அதுலயே காஞ்சிரும். மழை இருக்கிறப்பதான் குடை விக்கும். நிப்பாட்டாம இழு."

அன்று மத்தியானம் குழாயின் கீழ்வாய் அடைத்துக்கொண்டது. அக்கா தொங்கி இழுத்தும் இறங்கவில்லை. என்னவென்று பார்க்க நெம்புகோலைத் தூக்கினாள். உள்ளே அடைபட்டிருந்த ஆவி குழம்பை மேலே பீச்சியடித்தது. சுடுதண்ணீர் என்றால் வடிந்திருக்கும். இது வலது கையில் விழுந்த இடத்திலேயே ஒட்டி இறுகியது. நான் பிய்த்தெடுக்கப் போனேன். தோலும் கூடவே வந்தது.

ஆஸ்பத்திரிக்கு முதலாளி பிஸ்கட் பெட்டியோடு வந்தார்.

"யாராச்சும் கேட்டா, வீட்டுல பலகாரம் சுடுறப்ப எண்ணெய் கொட்டிருச்சுன்னு சொல்லும்மா. தங்கச்சி வேலை போகாது. ஒன்னையும் நான் பாத்துக்கிறேன்."

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு, "சரிங்க" என்றாள்.

காயத்திலிருந்து மரத்தூளை இடுக்கியால் எடுத்த நர்ஸ், எண்ணெயில் ஏது தூள் என்று கேட்கவே இல்லை.

அக்காவின் இடத்தில் நான் நெம்புகோல் இழுத்தேன். அவளைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னவர் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. சில வருஷத்தில் ஆட்சி மாறியது. வெளிநாட்டுக் குடைகள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கின. முதலாளி மெஷினைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, என்னையும் வேலையை விட்டு நிற்கச் சொல்லிவிட்டார். தோட்டத்தில் கொழுந்தெடுக்க என் பேரைப் பதிந்துகொண்டார்கள். காலையில் ஆட்களை வேலைக்குப் பிரித்துவிடும் பெரட்டுக்கு அக்கா போய் நின்றபோது, மடங்காத விரல்களைக் கங்காணி புரட்டிப் பார்த்தார்.

"இந்தக் கையால கொழுந்து எடுக்க ஏலாதும்மா" என்று அனுப்பிவிட்டார்.

பின்னொரு நாள் பதுளைக்குப் போனபோது முதலாளி கடைக்குள்ளிருந்து கூப்பிட்டார். கடை இரண்டு மடங்காகியிருந்தது.

"அக்கா எப்படிம்மா இருக்கு? பாவம், பலகாரம் சுடப்போயி கையைக் கெடுத்துக்கிட்டுச்சே. எண்ணெய்ச் சட்டிகிட்ட கவனம்னு எங்க வீட்டுல இப்பவும் அதைத்தான் சொல்லுவேன்."

அவர் முகத்தையே பார்த்தேன். நடிப்பில்லை. நிஜமாகவே வருத்தப்பட்டார்.

"எண்ணெய் இல்லீங்க. மெஷினு" என்றேன்.

"எந்த மெஷினு?"

அதற்குள் யாரோ குடை கேட்டு வர, எழுந்து போனார்.

தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். அவள் இடது கையால் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"கடையில நல்ல கூட்டமா?" என்று கேட்டாள்.

"கூட்டந்தான்" என்றேன்.