‘உ’ என்றொரு பயணி

“அக்கா, கருப்பையா கோயில் வாசல்ல எவ்வளவு நேரமா நிக்கிறேன். ஒரு ஈ காக்கா இல்ல” என்றார் டிரைவர் செந்தில். அந்தப் போனை வைப்பதற்குள் அடுத்தது.

“வண்டி வருதா வரலையாங்க? இன்னைக்கு ஃபிளைட்ட விட்டா விசா செத்துரும்ங்க. துபாய் வேலையும் போச்சு.”

பேசியவர் பெயர் கருப்பையா. நிற்பது அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டில்.

புதுக்கோட்டையில் ஒரு கால் டாக்ஸி ஆபீஸில் புக்கிங் பார்க்கிறேன். வாட்ஸ்அப்பில் வரும் மெசேஜை நான் எழுதிய பைதான் புரோகிராம்தான் பிரிக்கும். பெயர், ஏறும் இடம், இறங்கும் இடம். மூன்று வரி, அவற்றை வாங்கிக்கொள்ள மூன்று வேரியபிள்.

name, pickup, drop = msg.splitlines()

ஏறும் இடம் உடனே டிரைவருக்குப் போய்விடும். கருப்பையாவின் மெசேஜைத் திறந்தேன்.

உ
கருப்பையா
அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டிலிருந்து திருச்சி ஏர்போர்ட்

மனுஷன் பிள்ளையார் சுழி போட்டிருக்கிறார்! இரண்டு இடத்தையும் ஒரே வரியில் வேறு எழுதிவிட்டார். ஆக, பெயர் ‘உ’, ஏறும் இடம் ‘கருப்பையா’. எங்கள் பக்கம் ஆளுக்கும் அதே பெயர், சாமிக்கும் அதே பெயர். செந்தில் இங்கே புதுக்கோட்டையிலேயே இருக்கும் கோயிலுக்கு வண்டியை விட்டுவிட்டார். நாலு வரி வந்திருந்தால் பைதான் எரர் போட்டுக் கத்தியிருக்கும். மூன்றுக்கு மூன்று சரியாக இருந்ததால் சனியன் வாயே திறக்கவில்லை.

“அண்ணே, அங்க நிக்காதீங்க. யார் பைக்குலயாவது ஏறி புதுக்கோட்டை ரோட்டுல இங்கிட்டு வாங்க. வண்டி எதிர்ல வருது” என்றேன் கருப்பையாவிடம்.

“பெட்டி இருக்கேங்க!”

“மடியில வச்சுக்கிட்டு வாங்க!”

செந்திலையும் விரட்டினேன். அதற்குப் பிறகு என்னால் உட்கார முடியவில்லை. முதலாளி எட்டிப் பார்த்தார்.

“ஏம்மா, நீ அங்கிட்டும் இங்கிட்டும் நடந்தா வண்டி சீக்கிரம் போயிருமா?”

“போகாது சார். உக்காந்தா எனக்கு உசுரு போயிரும்.”

பாதி வழியில் பைக்கைப் பிடித்து ஆளையும் பெட்டியையும் ஏற்றிக்கொண்டதாகச் செந்தில் சொன்னார். பிறகு தகவலே இல்லை. கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. புரோகிராமைத் திருத்தினேன். முதல் வரியில் ‘உ’, ‘786’ என்று வந்தால் அதைத் தள்ளிவிட்டு மீதியைப் பிரி. ஏறும் இடம் ஊர்ப்பெயராக இல்லையென்றால் டிரைவருக்கு அனுப்பாதே, என்னைக் கேள். புதிதாக இந்த வேலைக்கு வருபவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன்: வரிக்கணக்கு சரியாக வந்ததால் விஷயமும் சரி என்று நம்பாதீர்கள். splitlines வரியை வெட்டும், வாசிக்காது.

சேவ் செய்த கொஞ்ச நேரத்தில் திரையில் சிவப்பாக எரர். மூன்று வேண்டும், இரண்டுதான் வந்தது. ஐயோ, மறுபடியுமா! பதறிப்போய் மெசேஜைத் திறந்தேன்.

உ
ஏர்போர்ட்டுக்குள்ள போயிட்டேன்
நன்றிங்க

‘உ’வைத் தள்ளினால் மீதி இரண்டே வரி. எரரைப் பார்த்து நான் சந்தோஷத்தில் அழுதது அன்று ஒருநாள்தான்.